121 தோல்வி... ஆனாலும் பேட்டிங் ஆர்டருக்கு ஏன் இவ்வளவு சண்டை? - ஒயிட் சாக்ஸ் ரசிகர்களின் கதை!

ஒரு சீசனில் 162 மேட்ச். அதில் 121 தோல்வி. ஜெயிச்சது வெறும் 41.

படிக்கும்போதே 'அய்யோ பாவம்'னு தோணுதா? 2024-ல் அமெரிக்காவின் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்கு நடந்தது இதுதான். 1901-லிருந்து கணக்கு எடுத்தால், மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரே சீசனில் இத்தனை மேட்ச் தோற்ற அணி வேறு எதுவுமே இல்லை. நடுவில் ஒரு கட்டத்தில் தொடர்ந்து 21 மேட்ச் தோற்றார்கள்.

இப்படி ஒரு டீம் இருந்தால் ரசிகர்கள் என்ன செய்வார்கள்? டி.வி-யை ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவாங்கன்னுதானே நினைப்பீங்க? சிகாகோவின் சவுத் சைடில் அது நடக்கவில்லை. 'முதல்ல யாரை இறக்கணும்? நாலாவதா யாரு? நாளைக்கு யார் பிட்ச் பண்ணணும்? அந்த நல்ல பிட்சரை ஏன் நாலு இன்னிங்ஸோட வெளியே எடுக்குறீங்க?' என்று சீசன் முழுக்க விவாதம்தான்.

100 மேட்சுக்கு மேல தோற்ற டீம்ல யார் முதல்ல இறங்கினா என்னன்னு கேட்கலாம். அந்தக் கேள்விக்கான பதில் கொஞ்சம் சுவாரஸ்யமானது. பேஸ்பால் தெரியாதவர்களுக்கும் புரியும்படி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல ஒரு குட்டி அறிமுகம்

பேஸ்பாலில் ஒரு மேட்சுக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஒரு அணிக்கு 3 அவுட். அதாவது, மேட்ச் முழுக்க உங்கள் கையில் இருப்பது 27 அவுட். அந்த 27 அவுட்டும் தீர்வதற்குள் எத்தனை பேரை நான்கு பேஸையும் சுற்றி ஓடவைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்களோ, அத்தனை ரன்.

பேட் பிடிப்பவர்கள் 9 பேர். இங்கேதான் கிரிக்கெட்டுக்கும் பேஸ்பாலுக்கும் முக்கியமான வித்தியாசம். கிரிக்கெட்டில் ஒருத்தர் அவுட் ஆகிவிட்டால் அந்த இன்னிங்ஸில் அவர் கதை முடிந்தது. பேஸ்பாலில் அப்படியில்லை. 9 பேரும் ஒரு சக்கரம் மாதிரி வருவார்கள். 9-வது ஆள் முடிந்ததும் மறுபடியும் முதல் ஆள். இன்றைய இன்னிங்ஸ் 5-வது ஆளோடு நின்றால், அடுத்த இன்னிங்ஸ் 6-வது ஆளிலிருந்து தொடங்கும். மேட்ச் முழுக்க இந்த வரிசையை மாற்ற முடியாது. இந்த வரிசைதான் 'லைன்-அப்'.

அடுத்தது பிட்சிங். பிட்சர் என்பவர் நம்ம ஊர் பௌலர் மாதிரி. ஆனால், ஓவர் கணக்கு கிடையாது. மேட்சைத் தொடங்குபவர் முடிந்தவரை தொடர்ந்து போட்டுக்கொண்டே இருப்பார். ஒரு மேட்சில் 90, 100 பந்து வரை முழு வேகத்தில் வீசினால் கை என்ன ஆகும்? அதனால் ஒருவர் வீசிவிட்டால் அடுத்த நான்கு நாள் ஓய்வு. ஐந்து பேர் முறை வைத்துச் சுற்றி வருவார்கள். இதுதான் 'ரொட்டேஷன்'. தொடங்கியவர் களைத்ததும் உள்ளே வந்து மிச்ச இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கும் பிட்சர்கள் கூட்டத்துக்கு 'புல்பென்' என்று பெயர்.

இவ்வளவு தெரிந்தால் போதும். இனி சண்டைக்குள் போகலாம்.

சண்டை நம்பர் 1: யாரை முதல்ல இறக்குறது?

2025 ஐ.பி.எல்-ல் ஆர்.சி.பி-க்கு எதிராக தோனி 9-வது ஆளாக இறங்கியபோது நம்ம ஊர்ல எத்தனை பேர் கொந்தளிச்சாங்க? அதே கோபத்தை ஆறு மாதத்துக்கு, கிட்டத்தட்ட தினமும் அனுபவிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏன்னா, பேஸ்பாலில் கிட்டத்தட்ட தினமும் மேட்ச். தினமும் புது லைன்-அப்.

பழைய ஆட்கள் சொல்லும் ஃபார்முலா ஒன்று உண்டு. முதல் ஆள் வேகமாக ஓடணும். இரண்டாவது ஆள் அவரை அடுத்த பேஸுக்கு நகர்த்தணும். நாலாவது ஆள் பந்தை மைதானத்துக்கு வெளியே தூக்கி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பணும். ஒயிட் சாக்ஸ் ரசிகர்கள் இந்த ஃபார்முலாவைச் சும்மா நம்பவில்லை. 2005-ல் அவர்கள் உலக சாம்பியன் ஆனபோது முதலில் இறங்கியவர் ஸ்காட் பொட்செட்னிக். அந்த ரெகுலர் சீசன் முழுக்க அவர் ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. ஆனால், 59 முறை பேஸைத் திருடி ஓடினார். அதே மனுஷன் வேர்ல்டு சீரிஸ் இரண்டாவது மேட்சின் கடைசி இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து மேட்சையே முடித்துவைத்தார். 1917-க்குப் பிறகு, 88 வருடம் காத்திருந்து கிடைத்த கோப்பை அது. அதைப் பார்த்தவர்களிடம் போய் 'வரிசையெல்லாம் முக்கியமில்லை'ன்னு சொன்னா கேட்பாங்களா?

புள்ளிவிவரம் படிக்கும் புதிய தலைமுறை வேற மாதிரி சொல்லும். வேகம் இரண்டாம் பட்சம். பேஸுக்குப் போகத் தெரிந்தவர் மேலே இருக்கணும். இருப்பதிலேயே சிறந்த ஆளை இரண்டாவது இடத்தில் வைக்கணும். காரணம் எளிமையான கணக்கு. வரிசையில் ஒரு இடம் கீழே இறங்கினால், ஒரு சீசனில் சுமார் 18 முறை பேட் பிடிக்கும் வாய்ப்பு குறையும். முதல் ஆளுக்கும் 9-வது ஆளுக்கும் இடையே 140 வாய்ப்புக்கு மேல் வித்தியாசம். அத்தனை வாய்ப்பை சுமாரான ஆளுக்குக் கொடுப்பது வீண்தானே?

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், 2024 ஒயிட் சாக்ஸுக்கு இருந்த பிரச்னையே வேற. மேலே வைக்க ஆள் எங்கே?

அணியின் பெரிய நம்பிக்கை லூயிஸ் ராபர்ட் ஜூனியர். 2023-ல் 38 ஹோம் ரன் அடித்தவர். 2024 ஏப்ரல் தொடக்கத்திலேயே இடுப்புத் தசையில் காயம். அடுத்து யோவான் மொன்காடா, காலில் காயம். எலோய் ஹிமெனெஸும் காயம். சீசன் தொடங்கி இரண்டு வாரம் ஆவதற்குள் மூன்று முக்கிய பேட்ஸ்மேன்களும் மருத்துவர் கையில்! முதல் 25 மேட்சில் அணி ஜெயித்தது மூன்றே மூன்று.

மிச்சம் இருந்தவர்களை எந்த வரிசையில் நிறுத்தினாலும் முடிவு பெரிதாக மாறவில்லை. அந்த சீசனில் ஒயிட் சாக்ஸ் வீரர்கள் 100 முறை பேட் பிடித்தால் சுமார் 28 முறைதான் பேஸுக்குப் போனார்கள். லீகின் சராசரி 31. மூணுதானே வித்தியாசம்னு நினைக்காதீங்க. ஒரு சீசனில் ஓர் அணி ஏறக்குறைய 6,000 முறை பேட் பிடிக்கிறது. நூற்றுக்கு மூன்று என்றால் மொத்தம் 180 வாய்ப்பு காணாமல் போகிறது. கடைசியில் அணி எடுத்தது 507 ரன். ஒரு மேட்சுக்கு மூன்று ரன்னுக்குக் கொஞ்சம் மேல். எதிரணிகளுக்குக் கொடுத்தது 813 ரன். மேட்சுக்கு ஐந்து. மூணு எடுத்து அஞ்சு கொடுத்தா எப்படி ஜெயிக்கிறது?

வரிசையை மாற்றினால் எவ்வளவு கிடைக்கும்?

இதற்கும் கணக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு சாதாரண பயிற்சியாளர் போடும் லைன்-அப்புக்கும், கம்ப்யூட்டர் போட்டுக்கொடுக்கும் கச்சிதமான லைன்-அப்புக்கும் உள்ள வித்தியாசம், சீசன் முழுக்க 10 முதல் 15 ரன்தான் என்பது பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர்களின் மதிப்பீடு. இன்னொரு பொதுவான கணக்கு, சுமார் 10 ரன் கூடினால் ஒரு வெற்றி கூடும்.

அப்போ, ஆறு மாதம் தொண்டை கிழியக் கத்தி வரிசையை மாற்றவைத்தாலும் கிடைக்கப்போவது ஒரு வெற்றி. ரொம்ப அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு.

'இதுக்கா இவ்வளவு அலப்பறை?'ன்னு கேட்குறீங்களா? இங்கேதான் ட்விஸ்ட்.

1962-ல் நியூயார்க் மெட்ஸ் அணி 120 மேட்ச் தோற்றது. அதுதான் அதுவரை சாதனை. இத்தனைக்கும் மெட்ஸ் அந்த வருடம்தான் புதிதாகத் தொடங்கப்பட்ட அணி. மற்ற அணிகள் வேண்டாம் என்று விட்ட வீரர்களை வைத்து ஆடினார்கள். 62 வருடம் யாரும் நெருங்க விரும்பாத அந்த எண்ணை 2024-ல் ஒயிட் சாக்ஸ் தாண்டியது. எத்தனை தோல்வியில்? ஒரே ஒரு தோல்வியில்.

ஒரு வெற்றி கூடியிருந்தால் மெட்ஸோடு சமம். இரண்டு கூடியிருந்தால் இந்தச் சாதனையே இவர்கள் தலையில் விழுந்திருக்காது. பேட்டிங் ஆர்டர் மாற்றத்தால் கிடைத்திருக்கக்கூடிய அதே ஒன்று, இரண்டு வெற்றிகள்! ஒரு நல்ல அணிக்கு அது பிளே-ஆஃப் வாய்ப்பு. இந்த அணிக்கு அது மானம்.

இன்னொரு வேடிக்கை. மெட்ஸ் அந்த வருடம் ஜெயித்தது 40 மேட்ச்தான். சதவிகிதக் கணக்கில் பார்த்தால் மெட்ஸ்தான் இன்னும் மோசம். 'நாங்க 41 ஜெயிச்சோம், நீங்க 40தான்' என்று சொல்லிக்கொள்ள ஒயிட் சாக்ஸ் ரசிகர்களுக்கு இந்த ஒரு பாயின்ட் மிச்சம்.

சண்டை நம்பர் 2: சம்பளத்துக்காக ஆடவைக்கிறீங்களா?

ஆண்ட்ரூ பெனின்டெண்டி. ஐந்து வருடத்துக்கு 7.5 கோடி டாலர். ஒயிட் சாக்ஸ் வரலாற்றிலேயே ஒரு வீரருக்குக் கொடுக்கப்பட்ட மிகப் பெரிய ஒப்பந்தம் அது. 2024-ன் முதல் பாதியில் அவர் பேட்டிலிருந்து எதுவும் வரவில்லை. ஆனாலும் லைன்-அப்பில் அவர் பெயர் இருந்தது.

ரசிகர்களில் ஒரு தரப்பு, 'இவ்வளவு பணம் கொடுத்துட்டோம்கிறதுக்காக ஆடவைக்கிறாங்க. சின்னப் பசங்களுக்கு வாய்ப்பு கொடுங்க' என்றது. இன்னொரு தரப்பு, 'அவரை உட்காரவைச்சா அடுத்து யாரு இருக்கா?' என்று கேட்டது. எந்த ஆபீஸிலும், எந்த டீமிலும் நடக்கிற அதே பஞ்சாயத்துதான். செலவு பண்ணியாச்சு என்பதற்காக ஒரு முடிவைக் கட்டிக்கொண்டு அழுவதா, இல்லை பொறுமையாகக் காத்திருப்பதா?

செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு விஷயம் நடந்தது. அணி 120 தோல்வியில் நிற்கிறது. இன்னும் ஒன்று தோற்றால் வரலாறு. சொந்த மைதானத்தில் ஏஞ்சல்ஸ் அணியுடன் மூன்று மேட்ச். 'வரலாறு நடக்கறதை நேர்ல பார்க்கணும்'னே சிலர் டிக்கெட் வாங்கி வந்தார்கள். அணியின் உரிமையாளருக்கு எதிராக 'டீமை வித்துடு' கோஷம் ஒலித்தது. ஒயிட் சாக்ஸ் என்ன செய்தது தெரியுமா? மூன்று மேட்சையும் ஜெயித்தது! அதில் இரண்டாவது மேட்சில், 10-வது இன்னிங்ஸில் வெற்றி ரன்னை வரவழைத்து மேட்சை முடித்தவர், அதே பெனின்டெண்டி. சீசன் முடிவில் அவர் கணக்கில் 20 ஹோம் ரன்.

காத்திருந்தது சரி என்று இதற்கு அர்த்தமில்லை. உட்காரவைத்திருக்கணும் என்று சொன்னவர்கள் முட்டாள்கள் என்றும் அர்த்தமில்லை. தினமும் மேட்ச் நடக்கிற ஆட்டத்தில், தினமும் யாராவது ஒருத்தர் சரியாக இருப்பார். அதனால்தான் இந்தச் சண்டைக்கு முடிவே வராது.

121-வது தோல்வி செப்டம்பர் 27-ம் தேதி டெட்ராய்ட்டில் வந்தது. அதே வெற்றியோடு எதிரணி டைகர்ஸ் பிளே-ஆஃப் இடத்தைப் பிடித்தது. ஒரே மைதானத்தில் ஒரு பக்கம் கொண்டாட்டம், இன்னொரு பக்கம் சரித்திர அவமானம்.

சண்டை நம்பர் 3: ஒரு கையின் விலை என்ன?

லைன்-அப் சண்டையில் பணயம் ஒன்றிரண்டு வெற்றி. ரொட்டேஷன் சண்டையில் பணயம் ஒரு மனிதனின் கை.

காரட் குரோஷே. உயரமான இடது கை பிட்சர். மணிக்கு 155 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். 2022-ல் முழங்கையில் 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை. முழங்கையில் கிழிந்துபோன தசைநாருக்குப் பதிலாக உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்துப் பொருத்துவார்கள். 1974-ல் முதன்முதலில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்ட பிட்சரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மறுபடியும் பழைய வேகத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

2023-ல் குரோஷே மேஜர் லீகில் வீசியது 13 இன்னிங்ஸுக்கும் குறைவு. அதுவரை ஒரு மேட்சைக்கூட அவர் தொடங்கியதில்லை. புல்பென்னிலிருந்து வந்து ஓரிரு இன்னிங்ஸ் போட்டுவிட்டுப் போகிறவர். அவரை 2024 சீசனின் முதல் மேட்சையே தொடங்கவைத்தது ஒயிட் சாக்ஸ். ஆறு இன்னிங்ஸ் வீசினார். ஒரே ஒரு ரன் கொடுத்தார். அணி 0-1 என்று தோற்றது. மொத்த சீசனின் டிரெய்லர் அன்றைக்கே ஓடிவிட்டது!

அதன்பிறகு அவர் நிற்கவே இல்லை. ஸ்ட்ரைக்அவுட்டாகக் குவித்தார். ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்வானார். அந்த அணியைப் பார்க்க ஒரு காரணம் வேணும்னா அது குரோஷே மட்டும்தான் என்கிற நிலை.

அப்போதுதான் நிர்வாகம் பிரேக் போட்டது. சீசனின் இரண்டாம் பாதியில் பெரும்பாலும் நான்கு இன்னிங்ஸோடு அவரை வெளியே எடுத்தார்கள். அடிபட்டுத் திரும்பிய கை, திடீரென்று பல மடங்கு வேலை. தாங்குமா என்கிற பயம்.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 'ஜெயிக்கிற ஒரே நாளையும் கெடுக்குறீங்களே' என்றது ஒரு பக்கம். 'ஏற்கெனவே மூழ்கின கப்பலுக்காக 25 வயசுப் பையன் கையை ஏன் பலி கொடுக்கணும்?' என்றது இன்னொரு பக்கம்.

இதில் ஒரு கொடுமையான விதி இருக்கிறது. மேட்சைத் தொடங்கிய பிட்சர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசினால்தான் வெற்றி அவர் பெயரில் எழுதப்படும். நான்கோடு நிறுத்தினால் எவ்வளவு பிரமாதமாக வீசினாலும் வெற்றிக் கணக்கில் அவர் பெயர் வராது. ஆனால், தோல்வி மட்டும் வரலாம்! சீசன் முடிவில் 146 இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக்அவுட் எடுத்த குரோஷேயின் கணக்கு: 6 வெற்றி, 12 தோல்வி. இந்த எண்களை மட்டும் பார்ப்பவருக்கு அவர் சுமாரான பிட்சராகத்தான் தெரிவார்.

அவர் நான்கு இன்னிங்ஸில் வெளியேறினால் மிச்ச ஐந்தை யார் போடுவது? புல்பென். அதுதான் அணியின் பலவீனமான இடங்களில் ஒன்று. ஒரு கையைக் காப்பாற்றியதன் விலையை மற்ற பல கைகள் கொடுத்தன.

அப்போ யார் சொன்னது சரி? 2024 டிசம்பரில் குரோஷேயை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கொடுத்துவிட்டு, நான்கு இளம் வீரர்களை வாங்கியது ஒயிட் சாக்ஸ். பாஸ்டன் அவருக்கு ஆறு வருடத்துக்கு 17 கோடி டாலர் கொடுத்தது. 2025-ல் அவர் 200 இன்னிங்ஸைத் தாண்டி வீசினார். 255 ஸ்ட்ரைக்அவுட். 18 வெற்றி, 5 தோல்வி. கை தாங்கியது. ஆனால், அந்தக் கை ஜெயித்துக் கொடுத்தது வேறொரு ஊருக்கு.

கையைக் காப்பாற்றச் சொன்ன ரசிகர்கள் ஜெயித்தார்கள் என்றும் சொல்லலாம். அவர்களுக்கு அது சந்தோஷமான ஜெயிப்பா என்பதுதான் கேள்வி.

அந்த முடிவை எடுத்தது யாரு?

ரொட்டேஷன் சண்டையில் இன்னொரு பெயரும் அடிக்கடி வரும். டிலன் சீஸ். 2024 சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, அணியின் நம்பர் 1 பிட்சரான அவரை சான் டியாகோ பாட்ரேஸுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜூலை 25-ம் தேதி அவர் அங்கே 'நோ-ஹிட்டர்' வீசினார். அதாவது, 9 இன்னிங்ஸும் அவரே வீசி, எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விட்டுக்கொடுக்கவில்லை. பாட்ரேஸ் அணியின் வரலாற்றில் அது இரண்டாவது முறைதான். அதே நாள்களில்தான் ஒயிட் சாக்ஸ் தன் 21 தொடர் தோல்விகளின் நடுவே இருந்தது.

சீஸுக்குப் பதிலாகக் கிடைத்தவர்களில் முக்கியமானவர் ட்ரூ தோர்ப் என்கிற இளம் பிட்சர். 2024-ல் 9 மேட்ச் தொடங்கினார். 2025 மார்ச்சில் அவருக்கும் டாமி ஜான் அறுவை சிகிச்சை. பிட்சர்களை வைத்து எதிர்காலத்தைத் திட்டமிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேற உதாரணம் வேண்டாம்.

ஜூலை கடைசியில் நன்றாக வீசிக்கொண்டிருந்த எரிக் ஃபெடியையும் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார்கள். ரொட்டேஷனில் அடுத்து யாரை இறக்குவது என்று ரசிகர்கள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோதே பட்டியலிலிருந்து ஆட்கள் காணாமல் போனார்கள்.

ஆகஸ்ட்டில் பயிற்சியாளரை மாற்றினார்கள். 21 தோல்விக்குப் பிறகு ஒரு வெற்றி வந்து, இரண்டே நாளில் பெட்ரோ கிரிஃபோல் நீக்கப்பட்டார். தற்காலிகமாக கிரேடி சைஸ்மோர் வந்தார். கிரிஃபோல் காலத்தில் 28 வெற்றி, 89 தோல்வி. சைஸ்மோர் காலத்தில் 13 வெற்றி, 32 தோல்வி. தினமும் லைன்-அப் எழுதுகிற ஆளையே மாற்றியும் ஏறக்குறைய அதே கதைதான்.

ஏனென்றால், பெரிய முடிவுகள் லைன்-அப் சீட்டில் எழுதப்படுவதில்லை. 1981-லிருந்து உரிமையாளராக இருப்பவர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப். மைக்கேல் ஜோர்டான் ஆடிய சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியும் அவருடையதுதான். அவருடைய பேஸ்பால் அணி கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம் 7.5 கோடி டாலர். லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் ஷோஹெய் ஒட்டானி ஒருவருக்குக் கொடுத்தது 70 கோடி டாலர். 'டீமை வித்துடு' என்று கூட்டம் கத்தியதன் பின்னணி இதுதான்.

'சரி, தோத்தா அடுத்த வருஷம் நல்ல இளம் வீரரை முதல்ல தேர்ந்தெடுக்கலாமே' என்று ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. அதுவும் நடக்கவில்லை. மோசமான அணிகளுக்குள் குலுக்கல் போட்டுத்தான் முதல் இடங்கள் கொடுக்கப்படும். அதிக வருமானமுள்ள நகரத்து அணிகள் இரண்டு வருடம் தொடர்ந்து அந்தக் குலுக்கலில் இடம்பெற முடியாது. அதனால் 121 மேட்ச் தோற்றும் 2025-ல் ஒயிட் சாக்ஸுக்குக் கிடைத்தது 10-வது இடம்தான்!

அப்புறம் எதுக்குப்பா சண்டை?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். உரிமையாளரை ரசிகர் மாற்ற முடியாது. சீஸைத் திரும்பக் கொண்டுவர முடியாது. குரோஷேக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. ராபர்ட்டின் இடுப்பைச் சரிசெய்ய முடியாது. தினமும் மேட்சுக்கு முன்னால் ஒன்பது பெயர் கொண்ட ஒரு பட்டியல் வருகிறது. அதை மட்டும்தான் அவரால் மனதுக்குள் மாற்றி எழுத முடியும். 'நான் இருந்தா இவரை ரெண்டாவதா இறக்கியிருப்பேன்' என்பது, 'இந்த டீம் இன்னும் என்னோடதுதான்' என்று சொல்வதற்கான இன்னொரு வழி.

கவனித்துப் பாருங்கள். அக்கறை போன இடத்தில் சண்டையும் இருக்காது. பிடிக்காத சீரியலை 'கதையை இப்படி மாத்தியிருக்கணும்' என்று யாரும் விவாதிப்பதில்லை. சேனலை மாற்றிவிடுவார்கள். சில ஒயிட் சாக்ஸ் ரசிகர்கள் அவமானத்தில் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். ஆனால், வந்தார்கள். அந்த மைதானத்தில் விற்ற கேம்ப்ஃபயர் மில்க்‌ஷேக் அந்த வருடம் அமெரிக்கா முழுக்க வைரல். 'எங்க டீம்ல நல்லா இருக்கிற ஒரே விஷயம் அதுதான்' என்கிற கிண்டலும் கூடவே வைரல்.

இதற்கு நடுவே யாரும் எதிர்பார்க்காத ஒரு ரசிகர் வெளிச்சத்துக்கு வந்தார். 2025 மே மாதம் புதிய போப்பாகத் தேர்வான பதினான்காம் லியோ சிகாகோக்காரர். அவர் எந்த அணி ரசிகர் என்ற கேள்வி உடனே எழுந்தது. வடக்கே கப்ஸ் அணி, தெற்கே ஒயிட் சாக்ஸ். ஒரே மெட்ரோ பாதையில் இருக்கிற இரண்டு மைதானங்கள், ஜென்மப் பகை. போப்பின் சகோதரரே பதில் சொல்லிவிட்டார்: ஒயிட் சாக்ஸ்! 2005 வேர்ல்டு சீரிஸ் முதல் மேட்சில் அவர் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்த வீடியோவும் கிடைத்தது. 'இனிமே பிரார்த்தனைக்கு நேரடி லைன் கிடைச்சாச்சு' என்று சவுத் சைடில் ஒரே கொண்டாட்டம்.

பிரார்த்தனை பலித்ததோ, இளம் ரத்தம் கைகொடுத்ததோ, 2025-ல் ஒயிட் சாக்ஸ் 60 மேட்ச் ஜெயித்தது. தோல்வி 102. அதுவும் மோசமான சீசன்தான். ஆனால், முந்தைய வருடத்தைவிட 19 வெற்றி அதிகம். குரோஷேக்குப் பதிலாக வந்த கைல் டீல், சேஸ் மெய்ட்ராத் இருவரும் அந்த லைன்-அப்பில் இடம்பிடித்தார்கள். கோல்சன் மாண்ட்கோமெரி என்ற இளம் வீரர் சீசனின் பாதியில் வந்து 21 ஹோம் ரன் அடித்தார். பொறுமையாக இருங்கள் என்று சொன்னவர்களுக்கு இது சாட்சி. 'அதுக்கு 121 தோத்திருக்கணுமா?' என்று கேட்பவர்களின் கேள்வியும் அப்படியே நிற்கிறது.

உங்களுக்குப் பிடித்த அணியும் ஒருநாள் பாயின்ட்ஸ் டேபிளின் அடியில் கிடக்கலாம். அன்றைக்கு 'ஓப்பனிங் யாரு, டெத் ஓவர் யாரு'ன்னு நண்பனோடு மல்லுக்கட்டும்போது, 'இதனால என்ன ஆகப்போகுது?'ன்னு யாராவது கேட்டா, சிகாகோ கணக்கைச் சொல்லுங்க. அதிகபட்சம் ஒண்ணு, ரெண்டு வெற்றிதான் கிடைக்கும். ஆனா, சில வருஷம் அந்த ஒண்ணு, ரெண்டுதான் எல்லாமே!